கதவருகே நின்றவளும் கரையில் நின்ற கொக்கும்

மூன்று வாரமாக ஒரு கதையின் நடுவில் மாட்டிக்கொண்டு கிடந்தேன். கதையில் வருகிறவள் ஒரு கதவருகே நிற்கிறாள்; உள்ளேயும் போக மாட்டேன் என்கிறாள், திரும்பவும் மாட்டேன் என்கிறாள். கடுப்பாகி எழுந்து ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போனேன். அங்கே ஒரு கொக்கு, சிலை மாதிரி. கொக்கு மீனுக்காகக் காத்திருக்கும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான், ஆனால் அன்றைக்கு அதைப் பார்த்தபோதுதான் உறைத்தது: அவள் தயங்கி நிற்கவில்லை, யாருக்காகவோ காத்து நிற்கிறாள்.

எல்லாம் இயற்கையின் வரம் என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் 2014-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும், உட்கார்ந்திருந்தபோது தோன்றியதைவிட அதிகமாகப் புது யோசனைகள் வந்தன. நடக்கும்போது கூடிய அளவு சராசரியாக 60 சதவீதம். அப்படியானால் வேலை செய்வது மரமா, காலா? பெரும்பாலும் கால்தான் போல. அதே ஆய்வில், ஒரே ஒரு சரியான விடையைத் தேடும் கேள்விகளில் நடந்தவர்கள் கொஞ்சம் பின்தங்கினார்கள். அதனால் நடக்கும்போது நான் திருத்த உட்காருவதில்லை (நடந்துகொண்டே எப்படி உட்காருவது, அது வேறு விஷயம்).

சரி, சுவரே போதுமென்றால் ஏரிக்கரை எதற்கு? சுவரில் கொக்கு நிற்காதே. 1941-இல் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் என்ற சுவிஸ் பொறியாளர் நாயோடு நடந்துவிட்டு வந்தபோது, உடையிலும் நாயின் ரோமத்திலும் முள்விதைகள் ஒட்டியிருந்தன. நாமாக இருந்தால் திட்டிக்கொண்டே பிய்த்துப் போட்டிருப்போம். அவர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார், குட்டிக் குட்டிக் கொக்கிகள் தெரிந்தன, அதிலிருந்து பிறந்ததுதான் செருப்பிலும் பையிலும் 'சர்ர்' என்று பிரித்து ஒட்டுகிற பட்டையான வெல்க்ரோ.

நடக்கும்போது வருகிற யோசனையிடம் ஒரு கெட்ட பழக்கம், வீட்டுக்குள் காலை வைப்பதற்குள் மறைந்துவிடும். 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் கால்வாய்க் கரையோரம் மனைவியோடு நடந்துபோன கணித மேதை ஹாமில்டனுக்கு, பல வருடமாக மண்டையைக் குடைந்த கணக்கு சட்டென்று பிடிபட்டது. மறந்துவிடுமோ என்று மனிதர் சூத்திரத்தை அங்கிருந்த பாலத்துக் கல்லிலேயே செதுக்கிவிட்டார். எனக்குப் பாலமெல்லாம் வேண்டாம், சட்டைப்பையில் ஒரு துண்டு பென்சில் போதும். கைபேசியில் குறிக்கலாம் என்று எடுத்தால் செய்திகளைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறேன்.

நேற்று அவள் ஒருவழியாகக் கதவைத் திறந்துவிட்டாள். அப்புறம், யாருக்காகக் காத்திருந்தாள் என்பதை மட்டும் சொல்லாமல் அழுத்தமாக நிற்கிறாள். செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.