செய்யாத குற்றத்துக்கு அபராதமா?
அப்பாவின் ஸ்கூட்டர் பெரம்பூரில் வீட்டு வாசலில் நின்றிருந்த நேரத்தில், அண்ணா சாலையில் ஹெல்மெட் இல்லாமல் போனதாக 1,000 ரூபாய்க்கு இ-சலான் வந்திருக்கிறது. படத்தில் இருப்பது வேறு வண்டி. பதிவெண்ணில் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்திருக்கிறார்கள். "கட்டித் தொலை, கோர்ட்டுக்கு யார் அலைவது?" என்கிறார் சித்தப்பா. எனக்கு மனம் ஒப்பவில்லை. கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். தெருமுனைக் கடைக்குக்கூட ஹெல்மெட் இல்லாமல் போகாத மனிதர் அப்பா!

சலான் வழக்குகளை இணையவழியில் கையாளும் மெய்நிகர் நீதிமன்றத்தின் இணையதளத்தில் அபராதம் செலுத்தலாம். எதிர்த்து வழக்காடுவதாகவும் பதிவு செய்யலாம். அப்படிச் செய்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. ஆர்.சி., வண்டியின் புகைப்படம், சலான் நகல் எல்லாம் தயார். உங்களுக்கும் சலான் வந்தால், பணம் கட்டுவதற்கு முன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.