பாலினக் குறியீடுகள்: அட்டவணையை உருப்போடாமல் படித்த விதம்

ஒப்பீட்டு அரசியல் தாளில் பெண்களின் அரசியல் அதிகாரத்தை அளப்பது பற்றிய கேள்வி வந்தால், பெரும்பாலான விடைத்தாள்கள் ஒரே அச்சில் இருக்கும். நாடுகளின் ஆண்-பெண் சமத்துவத்துக்கு மதிப்பெண் போடும் குறியீடுகளின் பெயர், ஆண்டு, வெளியிடும் அமைப்பு என ஓர் அட்டவணை, அவ்வளவுதான். நான் அட்டவணையை ஓரம்கட்டிவிட்டு, ஒரு நாட்டை எடுத்து ஒவ்வொரு குறியீட்டிலும் போட்டுக் கணக்குப் பார்த்தேன். பாடம் பிடிபட்டது அப்படித்தான்.

ருவாண்டாவை எடுங்கள். 2003 அரசியல் சாசனம் முடிவெடுக்கும் அமைப்புகளில் பெண்களுக்குக் குறைந்தது 30 சதவீத இடம் தந்தது. 2013 தேர்தலுக்குப் பின் கீழவையின் 80 உறுப்பினர்களில் 51 பேர் பெண்கள். உலகப் பொருளாதார மன்றத்தின் பாலின இடைவெளிக் குறியீடு பெண்களின் எண்ணிக்கையை ஆண்களின் எண்ணிக்கையால் வகுக்கும். 51-ஐ 29-ஆல் வகுத்தால் 1.76. ஆனால் 1-க்கு மேல் மதிப்பெண் கிடையாது, அங்கேயே வெட்டிவிடுவார்கள். 30 சதவீதப் பெண்கள் உள்ள அவைக்கு அதே சூத்திரத்தில் 0.43தான். இந்தக் கணக்கை விடையில் இரண்டே வரியில் போட்டுக் காட்டுங்கள். சூத்திரம் புரிந்து எழுதியவர் என்பது திருத்துபவருக்கு உடனே தெரியும்.

அதே ருவாண்டா, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் பாலினச் சமத்துவமின்மைக் குறியீட்டில் அவ்வளவு மேலே நிற்பதில்லை. 2010-இல் வந்த அந்தக் குறியீட்டில் நாடாளுமன்ற இடங்களோடு பேறுகால இறப்பும் வளரிளம் பெண்களின் பிரசவ விகிதமும் சேரும். மருத்துவ வசதி குறைந்த ஏழை நாடு அங்கே அடிவாங்கும். முன்னது, அதாவது இடைவெளிக் குறியீடு, ஆண்-பெண் இடைவெளியை மட்டும் பார்க்கிறது. பின்னது வாழ்நிலையையும் உள்ளே இழுக்கிறது. இன்னொன்று: முன்னதில் 1 சமத்துவம், பின்னதில் 0 சமத்துவம். தேர்வு அவசரத்தில் இதைத் தலைகீழாக எழுதுவது சர்வ சாதாரணம்.

எனக்குப் பிடித்த கேள்வி, நாட்டின் உச்சப் பதவியில் பெண் இருந்த ஆண்டுகள் பற்றியது. இடைவெளிக் குறியீடு கடந்த 50 ஆண்டுகளைக் கணக்கில் எடுக்கிறது. காலிதா ஜியாவும் ஷேக் ஹசீனாவும் ஆண்ட ஆண்டுகளால் வங்கதேசத்துக்கு இதில் மதிப்பெண் குவிந்தது, அமெரிக்காவுக்குப் பூஜ்யம். இருவரும் அரசியல் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் பதவி சாதாரணப் பெண் வேட்பாளருக்கு எந்தக் கதவைத் திறந்தது என்று குறியீடு கேட்காது, நீங்கள் கேளுங்கள்.

உள்ளாட்சியையும் விட்டுவிடாதீர்கள். இந்தியாவின் 73-ஆவது திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. அந்த லட்சக்கணக்கான உறுப்பினர்களில் ஒருவர்கூட மேற்சொன்ன இரண்டிலும் எண்ணப்படுவதில்லை. ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளுக்கான 5.5.1 என்ற குறிகாட்டி உள்ளாட்சியைத் தனியாக எண்ணுகிறது.

ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 1995-இல் கொண்டுவந்த பழைய பாலின அதிகாரமளித்தல் அளவீட்டுக்கு ஒரு பத்தி போதும்: வருமானத்தைச் சேர்த்ததால் பணக்கார நாடுகளுக்குச் சாதகமாகிவிட்டது என்ற விமர்சனத்தோடு முடித்துக்கொண்டு, மிச்ச நேரத்தை ருவாண்டா கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.