"சீராளா வாராய்!"

திருச்செங்காட்டங்குடிக்கு அக்காவை அழைத்துச் செல்ல எனக்கு மனமே வரவில்லை. அடியவர் கேட்டார் என்று சிறுத்தொண்டர் பெற்ற பிள்ளையையே கறி சமைத்துப் படைத்த ஊர். இருபத்து நான்கு வயது மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவளை அங்கேயா கூட்டிப் போவது? வேறு தலம் பார்க்கலாம் என்றேன். அவள் கேட்கவில்லை.

உத்திராபசுபதீஸ்வரர் சந்நிதியில் கூட்டம் இல்லை. "பெயர், நட்சத்திரம் சொல்லுங்கள்" என்றார் குருக்கள். அக்கா சற்றும் தயங்காமல் அவன் பெயரைச் சொன்னாள், அனுஷம் என்றாள். எனக்குத் திக்கென்றது. போனவர் பெயருக்கு அர்ச்சனை செய்வார்களா? குருக்களுக்கு என்ன தெரியும், பாவம். ஆயுள், ஆரோக்கியம் எல்லாம் வேண்டிச் சங்கல்பம் செய்துவிட்டு, "பிள்ளைக்கும் பூசிவிடுங்கள்" என்று விபூதியைக் கொடுத்தார். அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வாதாபி கணபதியைக் கும்பிடும்போது, பல்லவர் படையை நடத்தி வாதாபியை வென்ற பரஞ்சோதிதான் பின்னாளில் சிறுத்தொண்டர் ஆனார் என்று பேச்சை மாற்றிப் பார்த்தேன். 642-இல் நடந்த போர் அவளுக்கு எதற்கு? பிராகாரத்தில் உட்கார்ந்து, "அந்த அழைக்கிற இடத்தைச் சொல்" என்றாள்.

சொன்னேன். இலையில் அமுது படைத்த பிறகு, மகனும் வந்தால்தான் உண்பேன் என்கிறார் பைரவர் கோலத்தில் வந்த அந்த அடியவர். இல்லாத பிள்ளையை எப்படி அழைப்பது? ஆனாலும் பெற்றவர்கள் இருவரும் வெளியே வந்து அழைக்கிறார்கள். "செய்ய மணியே சீராளா வாராய்" என்று ஓலமிடுகிறாள் தாய் திருவெண்காட்டு நங்கை. பள்ளியிலிருந்து ஓடி வருபவனைப்போல் வந்தான் பிள்ளை என்கிறார் சேக்கிழார்.

"நம்முடையவனும் அப்படித்தானே வருவான்" என்றாள் அக்கா.

ஆமாம். தெருமுனையிலேயே குரல் கேட்கும், பிறகு திசைக்கொன்றாகச் செருப்புகள் பறக்கும், அதற்கப்புறம்தான் ஆள். எங்கள் அம்மாவைக் "கிழவி" என்று கூப்பிட அவனுக்கு மட்டும்தான் உரிமை. அவளுடைய பழைய ரேடியோவில் திருகு உடைந்துபோனபோது, பற்பசைக் குழாயின் சிவப்பு மூடியைச் செருகிச் சரிசெய்து கொடுத்தான். வேறு திருகு வாங்கி வந்தபோது அம்மா மாற்ற விடவில்லை. இன்றும் காலையில் அந்த மூடியைத் திருகித்தான் செய்தி கேட்கிறாள்.

இறைவன் சோதிக்கிறான் என்று துக்கம் கேட்க வந்தவர்கள் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அந்தச் சமாதானம் ஒட்டவில்லை. அக்காவும் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்தது திருமருகல். பாம்பு தீண்டி இறந்த வணிகனை, அவனோடு வந்த பெண் அழுவது கேட்டுச் சம்பந்தர் பாடி எழுப்பிய தலம். அதையும் தவிர்த்துவிடலாம் என்று, பஸ் நேரத்தைக் காரணம் காட்டினேன்.

"அந்தக் கதை எனக்கும் தெரியுமடா" என்றாள் அக்கா. "ஒரு பெண்ணை இப்படி அழவிடுவது உனக்குத் தகுமா என்று சம்பந்தர் சாமியிடமே கேட்டாரே. நானும் கேட்க வேண்டும். நட."