செவ்வாய், வியாழன், சனி

1 அக்டோபர் 2024, செவ்வாய்

அக்காவை டயாலிசிஸுக்கு உள்ளே அனுப்பிவிட்டுப் படியிறங்கும்போது மணி 6.20. பத்தரை வரை நேரம் இருக்கிறது. அடையாற்றின் உடைந்த பாலம் வரை நடந்தேன். 1977-இல் வெள்ளம் ஒரு பகுதியைக் கொண்டுபோனதிலிருந்து அப்படியே நிற்கிறது. கீழே இடுப்பளவு நீரில் ஒரு பெரியவர் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தார். வலை காற்றில் விரிந்து நிற்கும் கணத்துக்காகப் பதினொரு முறை முயன்றேன். வலை முழு வட்டமாக வந்தால் அவர் முகம் மறைந்துவிடுகிறது. முகம் தெரிந்தால் வலை சுருங்கிவிடுகிறது.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள்: “குருவி வந்துவிட்டதா?”

இன்னும் இல்லை என்றேன். போன வருடமும் முதல் வாரத்தில் வரவில்லையே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

3 அக்டோபர், வியாழன்

அக்காவுக்கு நீர் சேர்ந்து எடை 2.6 கிலோ கூடியிருக்கிறது. படம் எடுக்கவில்லை.

6 அக்டோபர், ஞாயிறு

மெரினாவில் விமானப்படையின் சாகசக் காட்சி. விமானங்களை எடுக்க ஆயிரம் பேர் இருப்பார்கள்; அண்ணாந்து பார்க்கும் முகங்களை எடுக்கலாம் என்று போனேன். வேளச்சேரியிலேயே பறக்கும் ரயிலில் கால் வைக்க இடமில்லை. மூன்று ரயில்களை விட்டுவிட்டு நான்காவதில் ஏறினேன். பதினொரு மணிக்குக் கடற்கரையில் மணலே தெரியவில்லை. குடைகள், துண்டுகள், தலையில் விரித்த செய்தித்தாள்கள். ஒரு தாத்தா பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு, தான் எதையும் பார்க்க முடியாமல், பேரன் சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். இன்று எடுத்தவற்றில் அது ஒன்றுதான் தேறும்.

திரும்பும்போது எல்லாம் மாறிவிட்டது. கடைகளில் தண்ணீர் பாட்டில்கள் தீர்ந்திருந்தன. சேப்பாக்கம் நிலையப் படிக்கட்டில் ஒரு பெண் என் பையில் தெரிந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்தேன். குழந்தைக்குப் புகட்டிவிட்டு, மூடியில் கொஞ்சம் ஊற்றித் தான் குடித்தார். கேமரா கழுத்தில்தான் தொங்கியது, கை அதனிடம் போகவில்லை. வெயிலில் சிலர் இறந்துவிட்டார்கள் என்று இரவுச் செய்தியில் சொன்னார்கள்.

“கூட்டத்தைக் காட்டு” என்றாள் அக்கா. தாத்தா படத்தை மட்டும் காட்டினேன். தாகத்தைப் பற்றி அவளுக்கு நான் காட்ட என்ன இருக்கிறது?

8 அக்டோபர், செவ்வாய்

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் தம்பி இன்று விவரமாகச் சொன்னார். வடிகட்டியில் ஒரு பக்கம் ரத்தம் ஓடுகிறது. மறுபக்கம் சுத்திகரித்த நீரில் கலந்த கரைசல், நிமிடத்துக்கு 500 மில்லி. நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். வாரத்தில் மூன்று நாள் இவ்வளவு நீர் அவள் ரத்தத்தை ஒட்டி ஓடிச் சாக்கடைக்குப் போகிறது. அவள் குடிக்கலாம் என்று அனுமதித்திருப்பது ஒரு நாளைக்கு 750 மில்லி, காபியும் குழம்பும் சேர்த்து.

“இனிமேல் எனக்குத் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு வா” என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

10 அக்டோபர், வியாழன்

தண்ணீர் லாரியின் குழாயில் சொட்டும் நீருக்கு நாக்கை நீட்டும் நாய். வாசல் தெளிக்கும் கை. 1/1000 நொடியில் நீர் தரையைத் தொடாமல் முறுக்கிய கயிறு போல நிற்கிறது. நீலமும் பச்சையும் ஆரஞ்சுமாக வரிசையில் காத்திருக்கும் பிளாஸ்டிக் குடங்கள். ஈரச் சாக்கில் சுற்றிய மல்லிகைப் பந்தின் மேல் பூக்கார அம்மா தெளித்த துளிகள்.

அக்கா நெடுநேரம் பார்த்தது மல்லிகைப் படத்தைத்தான். பிறகு உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டாள். கொண்டுவந்தது சரியா தவறா என்று எனக்குத் தெரியவில்லை.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. கேமராவுக்கும் இரண்டு லென்ஸ்களுக்கும் சந்தனம், குங்குமம். இன்று தொடக்கூடாது. மாலை ஐந்தரைக்கு மேற்கே மேகம் விலகி, தெரு முழுவதும் மஞ்சளாக ஒரு வெளிச்சம் வந்தது. இஸ்திரி வண்டியின் கரி, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, காகம், எல்லாம் தங்கம் பூசியதுபோல. ஏழெட்டு நிமிடம். கைகட்டி நின்று பார்த்தேன்.

12 அக்டோபர், சனி

விஜயதசமியின் முதல் படம் எது என்று கேட்டேன். அக்கா இடது கையை நீட்டினாள். இதுவரை யாரையும் எடுக்க விட்டதில்லை அவள். டயாலிசிஸுக்காகச் சிரையைத் தமனியோடு இணைத்த இடம் கயிறு போலப் புடைத்திருக்கிறது. விரல் வைத்தால் பூனையின் தொண்டை போல உள்ளே ஓயாமல் அதிர்கிறது. ஜன்னலோரம், பக்கவாட்டு ஒளி, பிளாஷ் இல்லை. அதிர்வு படத்தில் வராது. ஆனாலும் எடுத்தேன்.

15 அக்டோபர், செவ்வாய்

சிவப்பு எச்சரிக்கை. நேற்று மாலையே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். 2015-ஐயும் போன டிசம்பரையும் பார்த்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? விடியற்காலை ஆட்டோ கிடைத்தது. இரண்டு இடங்களில் தண்ணீர் ஆட்டோவின் தரைக்கு ஏறியது. அக்கா செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பாதத்தை அந்த நீரிலேயே வைத்திருந்தாள். தூக்கு என்றேன். கேட்கவில்லை.

அவள் உள்ளே போனதும் மேம்பாலத்துக்குத் திரும்பிப் போனேன். மேலிருந்து கார் வரிசையை எடுக்கும் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வரும். நான் பின்னிருக்கையில் சுருண்டு தூங்கும் ஒரு மனிதரை, கண்ணாடியில் வழியும் நீர்க்கோடுகளுக்கு நடுவே, அவர் விழித்ததும் அனுமதி கேட்டு எடுத்தேன். வீடு தரைத்தளம் என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

17 அக்டோபர், வியாழன்

காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அதிகாலையில் நகரத்துக்கு வடக்கே கரை கடந்துவிட்டது. பயந்த அளவு மழை இல்லை.

பத்தரைக்கு அக்கா வெளியே வந்தாள். நிற்கவில்லை, உட்காரவில்லை. “வந்துவிட்டது! ஊசி போடும்போது ஜன்னலுக்கு வெளியே இரண்டு முறை கேட்டது.” அந்த இரண்டு சுரங்களை விசிலடித்துக் காட்டினாள். கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வராந்தாவில், எல்லோரும் திரும்பிப் பார்க்க.

நான் அப்போது கடற்கரையில் அலையை எடுத்துக்கொண்டிருந்தேன்.

19 அக்டோபர், சனி

கட்டடத்தின் பின்பக்கம் ஜெனரேட்டர் அறைக்கும் மதிலுக்கும் நடுவே பத்தடி அகல மண். ஒரு வேம்பு, ஒரு நாட்டு வாதுமை. யாரும் பெருக்காததால் சருகு கணுக்கால் உயரம் கிடக்கிறது. ஆறுமணிக்குருவிக்கு வேண்டியது அந்தச் சருகுதான். இமயத்தின் அடிவாரக் காடுகளிலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் இரவு இரவாகப் பறந்து வந்து, இப்படி ஒரு மூலையில் இறங்கி, இலைகளைப் புரட்டிப் புழு தேடும். காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டிக் கூவுவதால் அந்தப் பெயர்.

பல வருடங்களுக்கு முன் அக்காவின் பள்ளியில் கண்ணாடியில் மோதி விழுந்த ஒன்றை அவள் செருப்புப் பெட்டியில் வைத்து, இருட்டில் ஓய்வெடுக்க விட்டு, சாயங்காலம் மரத்தடியில் திறந்துவிட்டாள். வகுப்பு முழுக்க மூச்சுவிடாமல் நின்றது என்பாள். அதிலிருந்து ஒவ்வோர் அக்டோபரிலும் கேட்கும் கேள்விதான் இது.

காவலாளியிடம் சொல்லிவிட்டு நாற்பது நிமிடம் குந்தியிருந்தேன். சருகு மட்டும் நகர்ந்தது. ஒரே ஒரு முறை பச்சை, நீலம், வாலடியில் சிவப்பு. படத்தில் கலங்கிய ஒரு நிறக்கீற்று.

அக்கா பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “போதும், இருக்கிறது” என்றாள். எனக்குப் போதவில்லை.

22 அக்டோபர், செவ்வாய்

பாதி.

24 அக்டோபர், வியாழன்

என் சிறுநீரகம் அக்காவுக்குப் பொருந்துமா என்ற சோதனையின் முடிவுதான் அந்தப் பாதி. உடன்பிறந்தவர்களுக்குள் நான்கில் ஒரு வாய்ப்பு முழுதாகப் பொருந்தும், நான்கில் ஒன்று சுத்தமாகப் பொருந்தாது, மீதி பாதி. பாதியே போதும், இப்போது மருந்துகள் நன்றாக இருக்கின்றன என்கிறார் டாக்டர். இருவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனையிலும் தடையில்லை. நான் தயார் என்று முன்பே சொல்லிவிட்டேன், அதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

அம்மாதான். நேற்று இரவு போனில் சரி சரி என்று மட்டும் சொன்னார். பதினொன்றரைக்கு மறுபடி கூப்பிட்டார். இரண்டு பேரையும் ஒரே நாளில் உள்ளே அனுப்பிவிட்டு நான் எந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்காருவது என்று கேட்டார். அவ்வளவுதான். அழவில்லை. எந்தக் கதவு என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியதைப் போல, வழி கேட்பவரைப் போலக் கேட்டார். நான் பதில் சொல்லாமல் இருந்தேன். இரண்டு அறையும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும், ஒரே வராந்தா என்று பிறகு சொன்னேன். எனக்கு அது தெரியாது. இன்று முழுவதும் அந்த வராந்தாவையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை அடி இருக்கும், நடுவில் நாற்காலி இருக்குமா, அங்கே உட்கார்ந்தால் இரண்டு கதவும் கண்ணில் படுமா. திங்கட்கிழமை போய்ப் பார்த்துவிட வேண்டும். ஒரே நாற்காலியிலிருந்து இரண்டு கதவும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நாற்காலியை நகர்த்தி வைக்கக் கேட்பேன்.

28 அக்டோபர், திங்கள்

தெரிகிறது. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

29 அக்டோபர், செவ்வாய்

பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 200 அடி சாலையோரம் லாரிகள் காற்றை இழுத்துக்கொண்டு போகின்றன, முக்காலி நடுங்குகிறது. நீலத்தாழைக்கோழி கோரையை உடைத்து, காலால் பிடித்துத் தின்றது, நாம் கரும்பு தின்பதைப் போல. முக்குளிப்பான் குஞ்சுகள் இரண்டு. நெடுங்கால் உள்ளான்கள் தங்கள் நிழலின் மேல் நடந்தன. பூநாரைகளுக்கு இன்னும் தண்ணீர் வடிய வேண்டும். அடிவானத்தில் பெருங்குடிக் குப்பைமேடும், அதன் மேல் பருந்துகளும். 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள், 1,247 ஹெக்டேர். தென்சென்னையின் மழைநீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு இறங்கி, கோவளத்தில் கடலுக்குப் போகிறது. நடுவில் எங்கே அடைத்தாலும் வேளச்சேரி வீங்குகிறது.

சதுப்பு நிலங்கள் பூமியின் சிறுநீரகங்கள் என்று எழுதுவார்கள். இன்று அந்த வரி நினைவுக்கு வந்தபோது கேமராவை இறக்கிவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளிக்கும் மெஷினுக்கு விடுமுறை இல்லை. அம்மா நேற்றே வந்துவிட்டார். மூன்றரைக்கு எழுந்து எங்கள் இருவருக்கும் எண்ணெய் வைத்தார், என் முதுகில் கொஞ்சம் அதிக நேரம் கை வைத்திருந்தார். பறவை கூவவில்லை. வெடிச்சத்தம் அடங்கும்வரை எப்படிக் கூவும்? சிவப்புக் காகிதத் துகள் மிதக்கும் ஒரு குட்டையை எடுத்தேன்.

9 நவம்பர், சனி

மீன் விற்கும் அம்மாவுக்கு 4க்கு 6 அளவில் பிரிண்ட் கொடுத்தேன். எப்போதும் அப்படித்தான், முகம் எடுத்தால் பிரிண்ட் கொடுத்துவிட வேண்டும். “என் கண் இவ்வளவு சிவந்தா இருக்கிறது?” என்றார். பிறகு படத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்து, பணப் பையில் வைத்துக்கொண்டு, நூறு ரூபாய் சங்கராவை என் கையில் திணித்தார்.

14 நவம்பர், வியாழன்

உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் குழுவின் முன் உட்கார்ந்தேன். சொந்த விருப்பத்தில்தான் கொடுக்கிறீர்களா, யாராவது பணம் தந்தார்களா, வற்புறுத்தினார்களா. எல்லாவற்றையும் வீடியோவில் பதிகிறார்கள். லென்ஸைப் பார்த்துப் பேசுங்கள் என்றார் ஒருவர். இருபது வருடமாக லென்ஸுக்குப் பின்னால் இருந்திருக்கிறேன். முன்னால் உட்கார்ந்ததும் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மீனம்மா ஞாபகம் வந்தது. அவரும் கைகளை எங்கே வைப்பது என்றுதான் கேட்டார்.

21 நவம்பர், வியாழன்

அறுவைக்கு நாள் குறித்துவிட்டார்கள். டிசம்பர் 9, திங்கட்கிழமை.

26 நவம்பர், செவ்வாய்

அக்கா என்னுடன் பேசவில்லை. காரணம் கேட்டேன். ஆறு வாரம் எடை தூக்கக்கூடாது என்றார்களாம், பெரிய லென்ஸைத் தூக்கமாட்டாய், ஜனவரி முழுவதும் போய்விடும், ஆமைகள் கரைக்கு வருகிற மாதம், பூநாரைகள் வருகிற மாதம் என்று பட்டென்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சிறிய லென்ஸ் போதும் என்றேன். நீ பொய் சொல்கிறாய் என்றாள். ஆமாம், பொய்தான். பூநாரைக்குச் சிறிய லென்ஸ் போதாது. ஆனால் இதை வைத்து அவள் தராசு பிடிப்பது எனக்குக் கோபம் தருகிறது. இரவு வரை கோபம் போகவில்லை.

30 நவம்பர், சனி

ஃபெஞ்சல் புயல். ஐந்து மணிக்கே வரச் சொல்லிவிட்டார்கள். வெளியே போகாதே என்று கையைப் பிடித்துச் சொன்னாள், போகவில்லை. வராந்தா ஜன்னலிலிருந்து மட்டும் எடுத்தேன். தென்னைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, திரும்பி எழாமல் நின்றன. மதியம் விமான நிலையத்தை மூடினார்கள். வீட்டுக்குப் போக வழியில்லாமல் ஆறு நோயாளிகளும் துணைக்கு வந்தவர்களும் மாலை வரை அங்கேயே இருந்தோம். யாரோ பொட்டலத்தைப் பிரித்தார்கள், ஆளுக்கு ஒரு இட்லி. ஒரு பெரியவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, மழையில் நனைத்து, ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அக்காவும்.

தண்ணீரை எடுத்து வரச் சொன்னவளுக்கு இதுதான் படம். ஆறு கைகள், ஒரு ஜன்னல். எல்லோரிடமும் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன்.

3 டிசம்பர், செவ்வாய்

மூன்று நாளாகக் கூவவில்லை.

5 டிசம்பர், வியாழன்

கூவவில்லை. வாதுமையின் பெரிய கிளை முறிந்து மதில்மேல் கிடக்கிறது.

7 டிசம்பர், சனி

காலை 5.55. இரண்டு சுரம். அக்காவும் நானும் சேர்ந்து கேட்டோம். படியிலேயே நின்றுவிட்டோம். ஓடிப்போய்ப் பார்த்தால், பின்பக்கத்தில் துப்புரவு செய்யும் அம்மா புயல் குப்பையைச் சருகோடு சேர்த்துச் சாக்கில் அள்ளிக்கொண்டிருக்கிறார். பாதி மண் தெரிய ஆரம்பித்துவிட்டது. இலை இல்லாவிட்டால் அது இங்கே இருக்காது, தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்றேன். மேற்பார்வையாளர் திட்டுவார் என்றார். கலங்கிய அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். இது இங்கேயா இருக்கிறது என்று கேட்டார். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு மறுபடி வாங்கிப் பார்த்தார்.

கிளையை மட்டும் எடுக்கிறேன், மதிலோரச் சருகைப் பத்து நாள் தொடமாட்டேன் என்றார். நான் வரும்வரை என்றேன். எப்போது வருவீர்கள் என்று கேட்டார்.