விலையைத் தொடாதீர்கள், பணத்தைக் கொடுங்கள்

2022-ல் ஐரோப்பாவில் எரிவாயு விலை தாறுமாறாக ஏறியபோது மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எந்த அரசுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படிக் காப்பாற்றுவது என்பதில்தான் ஆளுக்கொரு வழி போனார்கள். அவற்றில் ஜெர்மனி கண்டுபிடித்த வழி, சந்தையை நம்புகிறவர்களும் ஏழைகளுக்காகக் கவலைப்படுகிறவர்களும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டிய ஒன்று. நான் பார்த்தவரை இதைப் பலரும் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

செய்திகளில் வந்தது இவ்வளவுதான்: முந்தைய பயன்பாட்டில் 80 சதவீதத்துக்கு யூனிட்டுக்கு (கிலோவாட் மணிக்கு) 12 சென்ட், மீதிக்கு எரிவாயு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்த விலை. படித்தால் வழக்கமான விலைக் கட்டுப்பாடு போலத்தான் இருக்கும். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு வீடு ஆண்டுக்கு 20,000 யூனிட் எரிவாயு பயன்படுத்தி வந்தது, இப்போதைய ஒப்பந்த விலை 22 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். 20,000-ல் 80 சதவீதம் 16,000. விலை வித்தியாசம் 10 சென்ட். ஆக அரசின் உதவி 1,600 யூரோ. இந்தத் தொகை பழைய பயன்பாட்டை வைத்துக் கணக்கிடப்பட்டது. இந்த ஆண்டு எவ்வளவு எரித்தாலும் அது மாறாது. வழக்கம்போல் 20,000 யூனிட் எரித்தால் 4,400 யூரோ கட்டணம், உதவி போக 2,800. சிக்கனமாக 15,000-ல் நிறுத்தினால் 3,300 கட்டணம், உதவி போக 1,700. மிச்சப்படுத்திய ஒவ்வொரு யூனிட்டுக்கும் முழு 22 சென்ட் கையில் நிற்கிறது.

இதையே "எல்லா யூனிட்டும் 12 சென்ட்" என்று அறிவித்திருந்தால்? 20,000-க்கு 2,400, 15,000-க்கு 1,800. அதே 5,000 யூனிட்டைக் குறைத்தவருக்கு 1,100 யூரோவுக்குப் பதில் 600 யூரோதான் மிச்சம். குறைப்பதற்கான காரணம் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. எரிவாயுவோ உண்மையிலேயே பற்றாக்குறை. ஒருவர் குறைக்காவிட்டால் இன்னொருவருக்குக் கிடைக்காது. விலைச்சீட்டை மாற்றி எழுதுவதால் குழாயில் வரும் வாயு கூடப்போவதில்லை.

இந்த முறையிலும் ஓட்டைகள் உண்டு. முன்பிருந்தே சிக்கனமாக இருந்தவருக்குக் குறைந்த உதவி, தாராளமாக எரித்தவருக்கு அதிக உதவி. புதிதாகக் குடிவந்த வீட்டுக்குப் பழைய கணக்கு பொருந்தாது. மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே கொதிகலன் இருந்தால், வாடகைக்கு இருப்பவருக்கு ஆண்டுக் கடைசியில் வரும் பில்லில்தான் விலை தெரியும், அதற்குள் குளிர்காலம் முடிந்திருக்கும். எல்லாவற்றையும் விடப் பெரியது: ஒப்பந்த விலைக்கும் 12 சென்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு தருகிறது என்றால், ஒப்பந்த விலையை ஏற்றிவிட நிறுவனத்துக்கு ஆசை வரும். அதற்காகவே சட்டத்தில் முறைகேட்டுத் தடைப் பிரிவு ஒன்றைச் சேர்த்து, கண்காணிப்பைப் போட்டி ஆணையத்திடம் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், ஒரே தொகையாகத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்திருந்தால் இந்தத் தலைவலிகளில் பெரும்பாலானவை வந்தே இருக்காது.

ஸ்பெயினும் போர்ச்சுகலும் வேறு வழியில் போயின. அதைப் புரிந்துகொள்ள மின்சந்தை விலை எப்படி உருவாகிறது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மின் நிலையங்கள் தங்கள் விலையைக் கேட்கும். மலிவானதிலிருந்து வரிசையாக அடுக்குவார்கள். தேவையை நிரப்பக் கடைசியாகச் சேர்க்கப்படும் நிலையம் கேட்ட விலைதான் எல்லோருக்கும். அந்தக் கடைசி நிலையம் பெரும்பாலும் எரிவாயு நிலையம். "சூரிய மின்சாரத்துக்கு ஏன் எரிவாயு விலை கொடுக்க வேண்டும்?" என்று கோபமாகக் கேட்பவர்கள் உண்டு. கேட்ட விலையையே கொடுப்போம் என்று விதியை மாற்றினால், சூரிய மின் நிலையம் அப்பாவியாகத் தன் செலவைக் கேட்காது. கடைசி விலை என்னவாக இருக்கும் என்று ஊகித்து அதற்குப் பக்கத்தில் கேட்கும். ஊகம் தப்பினால் மலிவான நிலையம் நின்றுபோய் விலை உயர்ந்த நிலையம் ஓடும்.

2022 ஜூனில் அந்த இரு நாடுகளும் மின் உற்பத்திக்கான எரிவாயுவின் விலையை மெகாவாட் மணிக்கு (அதாவது 1,000 யூனிட்டுக்கு) 40 யூரோ என்று கணக்கில் வைத்து, மீதிச் செலவை எரிவாயு நிலையங்களுக்குத் தனிக் கட்டணம் மூலம் ஈடுகட்டின. சந்தை விலை இறங்கியது உண்மை. ஆனால் எரிவாயு மின்சாரம் செயற்கையாக மலிந்ததால் அதன் உற்பத்தி கூடியது, எல்லைக்கு அப்பால் பிரான்ஸுக்குப் போன மின்சாரமும் கூடியது. பற்றாக்குறைக் காலத்தில் எரிவாயுவை அதிகமாக எரித்து, பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துத் தள்ளுபடி கொடுத்த கதை.

"மின்சாரத்தைச் சந்தைக்கு விட்டால் கலிபோர்னியாவில் என்ன ஆயிற்று பார்த்தீர்களா?" என்ற கேள்வி எப்போதும் வரும். வரட்டும், அது நல்ல கேள்வி. 1996-ல் அங்கே வந்த சட்டம் மொத்த விலையைச் சந்தைக்கு விட்டது, சில்லறை விலையை உறையவைத்தது, மின் விநியோக நிறுவனங்கள் தங்கள் தேவையை அன்றாடச் சந்தையில்தான் வாங்க வேண்டும் என்ற நிலையில் நிறுத்தியது. 2000 கோடையில் மொத்த விலை பல மடங்கானது. என்ரான் போன்ற வர்த்தகர்கள் செய்த மோசடியும் அதில் உண்டு, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு விலையே தெரியாததால் அவர்கள் பயன்பாட்டைக் குறைக்கவில்லை. குறையாத தேவை இருக்கும் இடத்தில்தான் மோசடிக்காரருக்கு அறுவடை. நூறுக்கு வாங்கி இருபதுக்கு விற்றால் எந்த நிறுவனம் பிழைக்கும்? பசிபிக் கேஸ் அண்டு எலெக்ட்ரிக் 2001 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது.

டெக்சாஸ் இதற்கு நேர் எதிர்ப்பாடம். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் மொத்த விலை மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் என்ற உச்சவரம்பிலேயே நாள்கணக்கில் நின்றது. விலை எவ்வளவு கத்தினாலும் உறைந்துபோன எரிவாயுக் கிணறு உருகிவிடாது. போதாக்குறைக்கு, எரிவாயுவை அழுத்தி அனுப்பும் நிலையங்கள் சில "அத்தியாவசிய மின் இணைப்பு" என்று பதிவு செய்யப்படாமல் இருந்தன. அதனால் மின்வெட்டில் அவற்றுக்கே மின்சாரம் போய், எரிவாயு இன்னும் குறைந்து, மின் உற்பத்தி இன்னும் விழுந்தது. மொத்த விலையை அப்படியே வாடிக்கையாளர் தலையில் இறக்கும் திட்டங்களில் இருந்தவர்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. அலைபேசியில் விலையைப் பார்த்துக்கொண்டே குளிரில் நடுங்கும் குடும்பத்துக்குச் "சந்தை சமிக்ஞை" என்று பாடம் எடுக்க முடியாது.

தீர்வு மறுபடியும் அதே ஜெர்மானியக் கணக்குதான், ஆனால் அரசுப் பணம் இல்லாமல். வழக்கமான பயன்பாட்டளவை முன்கூட்டியே நிலையான விலைக்கு வாங்கி வைக்க வேண்டும். மாதம் 1,000 யூனிட் என்று ஒப்பந்தம். அதற்கு மேல் போனால் அந்த நேரத்துச் சந்தை விலை, கீழே இறங்கினால் மிச்சமான யூனிட்டைச் சந்தை விலைக்கே விற்றதாகக் கணக்கு வைத்துப் பில்லில் கழிக்க வேண்டும். பில் வெடிக்காது, விலையும் மறையாது. இங்கே கவனிக்க வேண்டியது, ஒப்பந்த அளவைக் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் தனித்தனியாக வைப்பது. ஆண்டுச் சராசரியை வைத்தால் உச்சத் தேவை நாளில் பாதுகாப்பு பாதியில் கைவிடும்.

வட்டி என்பதும் விலைதான், அதை அமுக்கினாலும் இதேதான் நடக்கும். 1970-களில் அமெரிக்க வங்கிகள் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான் வட்டி கொடுக்கலாம் என்று விதி இருந்தது. பணவீக்கமோ இரட்டை இலக்கத்தைத் தொட்டது. வட்டியில் போட்டி போட முடியாத வங்கிகள் கணக்குத் தொடங்குபவர்களுக்கு ரொட்டி வாட்டும் டோஸ்டர் கொடுத்தன! விவரமானவர்கள் அரசுக் கடன் பத்திரம் பக்கம் போகத் தொடங்கியதும், 1970-ல் குறைந்தபட்ச முதலீட்டை 1,000 டாலரிலிருந்து 10,000 டாலராக உயர்த்தி அந்தக் கதவையும் சாத்தினார்கள். சிறுசேமிப்பாளரைக் கூண்டில் வைத்துக்கொண்டு பணக்காரரைப் பறக்கவிட்ட சட்டம் அது. 1980-ல்தான் படிப்படியாக நீக்கத் தொடங்கினார்கள்.

கடன் வட்டிக்கு வரம்பு வைத்தால் நேர் தலைகீழாக, கடனே காணாமல் போகும். கடன் கேட்பவரைச் சரிபார்த்து, எழுதி, வசூலிக்க 20 ரூபாய் செலவாகிறது என்று வையுங்கள். 10,000 ரூபாயை ஓராண்டுக்குக் கொடுத்தால் அந்தச் செலவு 0.2 சதவீதம். 100 ரூபாயை மூன்று மாதத்துக்குக் கொடுத்தால் ஆண்டுக் கணக்கில் 80 சதவீதம். 14 சதவீதம்தான் வட்டி என்று சட்டம் போட்டால் எந்தக் கடன் செத்துப்போகும்? கென்யா 2016-ல் மத்திய வங்கி விகிதத்துக்கு மேல் 4 புள்ளி என்று வரம்பு வைத்தது. வங்கிகள் சிறு கடனாளிகளை விட்டு அரசுக் கடன் பத்திரங்களுக்குச் சாய்ந்தன. 2019 நவம்பரில் வரம்பை எடுத்துவிட்டார்கள். வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதை ஒரே எண்ணாக முதல் பக்கத்தில் எழுத வைப்பதும், ஒழுங்காகக் கட்டியவரின் கடன் வரலாற்றை எல்லா வங்கிகளும் பார்க்க வழி செய்வதும் வரம்பைவிட அதிகம் உதவும்.

கல்வியில் "பணம் மாணவனோடு போகட்டும்" என்ற வவுச்சர் யோசனையை, அதாவது பிள்ளை சேரும் பள்ளிக்கே அரசு பணம் தருவதை, சிலி 1981-ல் நாடு முழுக்கச் செய்துபார்த்தது. யோசனை நல்லது, நுணுக்கத்தில் சறுக்கியது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தொகை, பள்ளி தனக்கு வேண்டிய பிள்ளையைப் பொறுக்கலாம், 1993-க்குப் பிறகு பெற்றோரிடம் கூடுதல் கட்டணமும் பரவலாக வாங்கலாம் என்று அன்று விதி இருந்தது. அப்படியானால் பள்ளிக்கு லாபமான வழி நன்றாகக் கற்பிப்பதா, சொல்லிக்கொடுக்க எளிதான பிள்ளைகளைச் சேர்ப்பதா? 2008-ல் ஏழைப் பிள்ளைகளுக்கான தொகையைக் கணிசமாக உயர்த்தினார்கள். முதல் நாளே செய்திருக்க வேண்டியது அது. இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல் வைக்க வேண்டும், தேர்வுத்தாளைப் பள்ளியே திருத்தக்கூடாது. இந்த இரண்டும் இல்லாத வவுச்சர் திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

மருத்துவத்தில் என் கொள்கை வளைந்துகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. 1974 முதல் 1982 வரை அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய காப்பீட்டுப் பரிசோதனையில் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலருக்கு எல்லாம் இலவசம், மற்றவர்கள் 25, 50, 95 சதவீதம் என்று கைக்காசு போட வேண்டும், ஆண்டுக்கு ஒரு வரம்பு வரை. கைக்காசு போட்டவர்கள் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். 95 சதவீதக் குழுவின் செலவு இலவசக் குழுவைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. சராசரி மனிதரின் உடல்நலம் அதனால் கெடவில்லை.

ஆனால் அவர்கள் குறைத்தபோது, வீண் சிகிச்சையை மட்டும் பார்த்துக் குறைக்கவில்லை. தேவையானதையும் தேவையற்றதையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைத்தார்கள். ஏழைகளில் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு, இலவசக் குழுவில்தான் அழுத்தம் நன்றாகக் கட்டுக்குள் இருந்தது. தலைவலிக்குக் கொடுக்கும் காசின் பலன் அன்றே தெரியும். வலியே இல்லாத அழுத்தத்துக்குத் தினமும் விழுங்கும் மாத்திரையின் பலன் பத்து ஆண்டு கழித்து, வராமல் போன பக்கவாதமாகத்தான் தெரியும், அதாவது தெரியவே தெரியாது. ஆகவே அழுத்தம், சர்க்கரை இரண்டுக்கும் பரிசோதனையும் மாத்திரையும் கைக்காசே இல்லாமல் இருக்கட்டும். முழங்கால் ஸ்கேன், கண்புரை அறுவை போல ஒத்திப்போட்டு, நாலு இடத்தில் விசாரித்து முடிவெடுக்கக் கூடியவற்றுக்குக் கையிலிருந்தும் கொஞ்சம் போகட்டும், வருமானத்துக்கு ஏற்ற ஆண்டு வரம்போடு. விலைப்பட்டியலில் மருத்துவர் கட்டணம், மயக்கமருந்து, பொருத்தும் லென்ஸ், அறை, 30 நாளுக்குள் சிக்கல் வந்தால் மறுபடி பார்ப்பது என எல்லாம் சேர்ந்த ஒரே தொகை இருக்க வேண்டும். தனித்தனியாக முந்நூறு வரி போட்ட பட்டியலை வைத்துக்கொண்டு எந்த நோயாளியாலும் இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிட முடியாது.