ஒரு ஜனதா கைக்கு வந்த கதை

பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரம் வாங்க இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? டயல் பளிச்சென்று புத்தம் புதிதாக இருந்தால், அந்தப் படத்தை அப்படியே தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முப்பது நாற்பது வருடம் யாரோ ஒருவரின் வியர்வையிலும் வெயிலிலும் கிடந்த பொருளுக்கு அப்படியொரு முகம் இருக்க வழியே இல்லை. மஞ்சள் ஏறிய டயல், ஓரத்தில் ஒரு கறை, லேசாக மங்கிய எழுத்து இவையெல்லாம் இருந்தால்தான் மேற்கொண்டு விலை பேசவே வேண்டும்.

எனக்கு வேண்டியிருந்தது அலமாரியில் வைத்து அழகு பார்க்கிற பொருள் அல்ல. காலையில் சாவி கொடுத்துக் கட்டிக்கொண்டு பைக்கில் அலுவலகம் போய்வர ஒரு கடிகாரம், அவ்வளவுதான். இரண்டாயிரம் ரூபாய், மிஞ்சிப்போனால் மூவாயிரம். இந்த விலைக்கு சுவிஸ் பெயர் போட்டவையும் கிடைக்கின்றன. ஆனால் ஒரு பல்சக்கரம் தேய்ந்தால் மாற்றுப் பாகத்துக்கு எங்கே போவது? எச்.எம்.டி. விஷயத்தில் அந்தக் கவலை குறைவு. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து பெங்களூரில் தொடங்கியது முதல், 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை மூடுவதற்கு ஒப்புதல் கொடுத்தது வரை, கோடிக்கணக்கில் செய்து தள்ளியிருக்கிறார்கள். கம்பெனி போனாலும் பாகங்கள் ரிப்பேர்காரர்களின் இழுப்பறைகளில் இன்னும் இருக்கின்றன.

மாடலையும் முன்பே முடிவு செய்திருந்தேன்: ஜனதா. கையால் சாவி கொடுப்பது, 17 ஜுவல் (உள்ளே தேய்மானத்தைக் குறைக்கிற சின்னக் கற்கள்), தேதியும் கிடையாது, கிழமையும் கிடையாது. கெட்டுப்போக உறுப்புகள் குறைவு என்பதுதான் காரணம். கை அசைவிலேயே சாவி ஏறுகிற ஆட்டோமேட்டிக் மாடலான காஞ்சன் மீது ஆசை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தினம் கட்டுகிற கடிகாரத்தில் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பைலட் மாடலின் கறுப்பு டயலுக்கு மயங்காதவர் இல்லை. அதனாலேயே போலிகளும் அதில்தான் அதிகம். ஆரஞ்சிலும் கிளிப்பச்சையிலும் பைலட் விற்கிறவர்களைப் பார்த்தால், பழைய டயலைச் சுரண்டிப் புதிதாகப் பெயிண்ட் அடித்து அச்சிட்டது என்று பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

மும்பை விற்பனையாளர் ஒருவரின் ஜனதாதான் முதலில் வந்தது. விளம்பரத்தில் கல்யாணத் தரகர் ஜாதகத்தைப் புகழ்வதுபோல் எழுதியிருந்தார்: பயன்படுத்தாத பழைய சரக்கு, அசல் டயல், முழு சர்வீஸ் செய்தது. பயன்படுத்தாத சரக்குக்கு எதற்கு முழு சர்வீஸ் என்று கேட்டேன். பதில் இல்லை. பின்மூடியைத் திறந்து மெஷினைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். நச்சரித்த பிறகு ஒரு படம் வந்தது. பார்சலைப் பிரித்துத் திறந்து பார்த்தால், அந்தப் படத்தில் இருந்தது வேறு கடிகாரத்தின் மெஷின். படத்தில் ஒரு திருகின் தலையில் ஆழமான கீறல் இருந்தது. வந்ததில் அந்தக் கீறலைக் காணவில்லை.

டயலை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது மீதிக் கதையும் வெளியே வந்தது. இந்தியில் ‘ஜனதா’ என்று எழுதியிருந்த எழுத்தின் மேல்கோடு நடுவில் தடித்து, ஓரத்தில் மை கசிந்திருந்தது. நிமிடக் கோடுகளில் சில அடுத்ததோடு ஒட்டிக்கொண்டிருந்தன. விநாடி முள் அந்தக் கோடுகளைத் தொடாமல் பாதியிலேயே நின்றது. வேறு ஏதோ கடிகாரத்தின் முள். கேஸ் என்கிற வெளிக்கூடு ஒன்று, மெஷின் ஒன்று, முள் இன்னொன்று என்று மூன்று கடிகாரங்களைக் கூட்டி ஒன்றாக்கியிருக்கிறார்கள். அன்று இரவே ஓட்டமும் நின்றுவிட்டது.

திருப்பி அனுப்புகிறேன் என்றால், ‘பழம்பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்றார். பார்சலைப் பிரிக்கும்போது எடுத்திருந்த வீடியோதான் என்னைக் காப்பாற்றியது. முகவரிச் சீட்டு தெரிய, கத்தரி வைப்பதிலிருந்து பின்மூடி திறப்பது வரை ஒரே ஓட்டத்தில், வெட்டு இல்லாமல் எடுத்திருந்தேன். அதிலும் ‘டயலின் அச்சு தெளிவாகத் தெரியவில்லையே’ என்று ஒரு சாக்கு சொன்னார். அவர் அனுப்பிய மெஷின் படத்தையும் வந்த மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பிய பிறகுதான் பணம் திரும்பியது. திருப்பி அனுப்பிய கூரியர் செலவு 160 ரூபாய் என் தலையில். இவ்வளவு பேச்சுக்கும் ஒரு மன்னிப்புச் சொல்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை.

அதன் பிறகு வியாபாரிகளை விட்டுவிட்டுச் சொந்தக் கடிகாரத்தை விற்பவர்களாகத் தேடினேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அப்பாவுடையது என்று ஒரு ஜனதாவைக் காட்டினார். டயல் பாலாடை நிறத்துக்கு மாறியிருந்தது, ஏழு மணிக்கு அருகே ஒரு பழுப்புக் கறை, பட்டை மாட்டுகிற கேஸின் காதுகளில் முலாம் போய்ப் பித்தளை தெரிந்தது. கேட்ட படங்களையெல்லாம் அன்றே எடுத்து அனுப்பினார். மெஷினில் 0231 என்ற எண் இருந்தது. ஜனதாவுக்குள் இருக்கவேண்டிய மெஷின்தான் அது. 1,800 ரூபாய், கூரியர் 120. பேரம் பேச மனம் வரவில்லை.

நல்ல மனிதர், நல்ல அட்டைப்பெட்டி ஒன்றில் அழகாக வைத்து அனுப்பியிருந்தார். அந்தப் பெட்டிதான் வினை. காலையில் நேரம் வைத்தால் மாலைக்குள் கால் மணி நேரம் முந்தியது. செல்போனில் டிக் டிக் சத்தத்தைக் கேட்டு ஓட்டத்தை அளக்கிற செயலி ஒன்று உண்டு. இந்த மெஷினுக்கு மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஐந்து, என்று அதில் குறித்துவிட்டால் கோடு வரைந்து காட்டும். ஒயர் இயர்போனின் மைக்கைக் கடிகாரத்தின் முதுகோடு ஒட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுச் சத்தமெல்லாம் கணக்கில் ஏறிவிடும். எனக்கு வந்த கோடு செங்குத்தாக மேலே போனது.

முதலில் போன இடம், பெரிய வாட்ச் ஷோரூம் ஒன்றின் சர்வீஸ் பிரிவு. டோக்கன் கொடுத்தார்கள், உட்காரவைத்தார்கள். என் முறை வந்ததும் கவுண்டரில் இருந்த இளைஞர் கடிகாரத்தைக் கையில்கூட வாங்கவில்லை. ‘பேட்டரி மாடல் மட்டும்தான் சார் பார்ப்போம்.’ இதை வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தால் எனக்கு அரை நாள் விடுப்பு மிச்சமாகியிருக்கும். அடுத்து கோவை காந்திபுரத்தில் ஒரு கடை. அந்தக் கடைக்காரர் சொன்னதுதான் இன்னும் ஆறவில்லை: ‘இந்த மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே பேட்டரி மெஷின் ஒன்று வைத்துவிடலாம். முந்நூறு ரூபாய். சாவி கொடுக்கிற தொல்லையே இல்லை.’ கடிகாரத்தை அவர் கையிலிருந்து கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். இப்படி மெஷின் மாற்றப்பட்ட பழைய கடிகாரங்களும் சந்தையில் சுற்றுகின்றன. விநாடி முள் நழுவி ஓடாமல் விநாடிக்கு ஒருமுறை தாவினால் உள்ளே பேட்டரிதான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கடைசியில் கோவை மணிக்கூண்டு அருகே ஒரு சந்தில், படிக்கட்டுக்கு அடியில் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருந்த பெரியவரைப் பிடித்தேன். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடிகாரத்தைக் கொடுப்பதற்கு முன் பின்மூடியைத் திறக்கச் சொல்லி நான் மெஷினைப் படம் எடுத்தேன். கோபித்துக்கொள்வாரோ என்று பயம். ‘எடுத்துக்கொள் தம்பி. எடுக்காதவன்தான் பிறகு பாகத்தை மாற்றிவிட்டேன் என்று சண்டைக்கு வருகிறான்’ என்றார். அங்கேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இழுப்பறையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற சின்னத் திசைகாட்டி ஒன்றை எடுத்து மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஊசி இப்படியும் அப்படியும் துடித்தது. ‘காந்தம் ஏறியிருக்கிறது. எதில் வைத்திருந்தாய்?’ பெட்டியைக் காட்டினேன். மூடி தானாக ஒட்டிக்கொள்ள ஓரத்தில் இரண்டு காந்தத் துண்டுகள் பதித்திருந்தார்கள். ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிற மெல்லிய சுருள்கம்பியான ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அதன் நீளம் குறைந்ததற்குச் சமம். பேலன்ஸ் என்கிற ஆடும் சக்கரம் வேகமாக ஆடும், கடிகாரம் முந்தும். காந்தத்தை எடுக்கிற நீல நிறப் பெட்டி ஒன்றின் மேல் கடிகாரத்தை வைத்து, பொத்தானை அழுத்தியபடியே மெல்ல மேலே தூக்கினார். திசைகாட்டியைத் திரும்பக் கொண்டுபோனார். ஊசி அசையவில்லை. இதற்குக் காசு வாங்கவில்லை. காந்த மூடி போட்ட செல்போன் உறை, ஸ்பீக்கர் இவற்றின் பக்கத்திலும் வைக்காதே என்றார்.

சர்வீஸ் செய்தே ஆக வேண்டும் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. 900 ரூபாய். சாவி கொடுத்தால் இறுகுகிற மெயின் ஸ்பிரிங் தளர்ந்திருந்ததால் அதற்கு 250. வேலை சுத்தம், வாக்கு மட்டும் சுத்தமில்லை. புதன்கிழமை வா என்பார். போனால் அடுத்த புதன் என்பார். கரண்ட் இல்லை, கண் வலி, பேத்திக்குக் காதுகுத்து என்று காரணத்துக்குக் குறைவில்லை. போன் செய்துவிட்டுப் போகலாம் என்றால் அவர் போனை எடுப்பதில்லை. இப்படிப்பட்டவர்களிடம் கொடுத்தால் பொறுமையையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், வேறு வழியில்லை. ‘அரை மணியில் தருகிறேன்’ என்பவர்களிடம்தான் ஜாக்கிரதை வேண்டும். அக்கக்காகப் பிரிக்காமல் மேலாகப் பெட்ரோல் தெளித்து எண்ணெய் விடுகிற வேலை அது. ஒரு மாதம் ஓடும், பிறகு நிற்கும்.

வாங்கி வந்ததும் டயல் மேலே, டயல் கீழே, சாவி கீழே என்று மூன்று நிலைகளிலும் வைத்து அளந்தேன். எல்லா நிலையிலும் ஏறத்தாழ ஒரே ஓட்டம். இப்போது நாளுக்கு நாற்பது விநாடிபோல் முந்துகிறது. கையால் சாவி கொடுக்கிற இந்த வயதுக் கடிகாரத்துக்கு இது மோசமில்லை. இன்னும் குறைக்கலாம் என்றார் பாய்; அதற்கு இன்னொரு புதன்கிழமை என்று தோன்றியதால் வேண்டாம் என்றுவிட்டேன்.

பட்டையில் ஒரு சின்னக் கூத்து. கேஸின் காதுகளுக்கு நடுவே 18 மில்லிமீட்டர்தான். கடைக்காரர் 20 மில்லிமீட்டர் பட்டையை அமுக்கி நுழைத்து ‘தோல்தானே, போகப் போகப் பழகிவிடும்’ என்றார். பழகவில்லை, ஸ்பிரிங் பின் தெறித்துக் கடைத் தரையில் உருண்டது. நல்லவேளை, கடிகாரம் என் கையில் இருந்தது. அளவெடுத்து வேறு இடத்தில் 350 ரூபாய்க்கு வாங்கினேன். முலாம் போன இடத்தில் பித்தளை வியர்வை பட்டுப் பச்சை பிடிக்கும். காதுகளின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவியிருக்கிறேன், அவ்வப்போது மறுபடி தடவ வேண்டும். பின்மூடியில் என்ன எழுதியிருந்தாலும் தண்ணீர் புகாது என்று நம்பாதீர்கள். அந்த வயதில் ரப்பர் வளையம் கல்லாகியிருக்கும். மழை நாளில் நான் ஜனதாவை வீட்டில் விட்டுவிட்டு பேட்டரி வாட்சைக் கட்டிக்கொண்டு போகிறேன்.

திரும்பிப் போன மும்பை சரக்கின் கூரியரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் 3,580 ரூபாய் ஆகியிருக்கிறது. அதில் கடிகாரத்தின் விலை ஏறக்குறைய பாதிதான். விற்பவர் 1,800 என்றால் அதே அளவு இன்னொரு தொகையைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள். அதற்கும் முன்னால், உங்கள் ஊரில் சாவி கொடுக்கிற கடிகாரத்தைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர் இன்னும் கடை திறக்கிறாரா என்று ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.