கவுண்டி மாறினால் கடன் வரம்பும் மாறும்: எஃப்ஹெச்ஏ கடனில் வீடு வாங்குவோர் கவனத்துக்கு

அமெரிக்காவில் எஃப்ஹெச்ஏ கடனில், அதாவது அரசின் ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷன் இன்சூரன்ஸ் தரும் வீட்டுக் கடனில், வீடு தேடுபவர்கள் கிரெடிட் ஸ்கோரையும் வட்டியையும் பற்றித் துருவித் துருவிக் கேட்பார்கள். வீடு எந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. சம்பளம் எவ்வளவு வந்தாலும் சரி, எஃப்ஹெச்ஏ இன்சூரன்ஸுக்குள் அடங்கும் கடனுக்கு உச்சவரம்பு வைப்பது அந்தக் கவுண்டிதான். ஆஃபர் ஏற்கப்பட்டு, அட்வான்ஸும் கட்டிய பிறகு இது தெரியவந்தால், ஐம்பதாயிரம் டாலருக்கு அலைய நேரிடும்.

வரம்பைப் பார்ப்பதற்கு முன் விசாவைப் பாருங்கள். 2025 மே 25 முதல் கேஸ் நம்பர் (ஒவ்வொரு கடனுக்கும் எஃப்ஹெச்ஏ தரும் எண்) போடப்படும் கடன்களில் ஹெச்-1பி, எல்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு எஃப்ஹெச்ஏ கிடையாது. குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும். 'ஒர்க் பெர்மிட் இருந்தால் போதும்' என்று சொல்லும் பழைய வீடியோக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதை நம்பி இறங்க வேண்டாம். ஹெச்-1பி குடும்பங்கள் பார்க்க வேண்டியது ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற இரண்டு நிறுவனங்களும் கடன் கொடுத்தவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும் கன்ஃபார்மிங் கடனை. அதற்கும் கவுண்டிவாரியாக வரம்பு உண்டு, தொகைதான் வேறு.

இனி எஃப்ஹெச்ஏ வரம்பு எப்படி வருகிறது என்று பார்ப்போம். 2025-இல் ஒரு குடும்ப வீட்டுக்கான நாடு தழுவிய கன்ஃபார்மிங் வரம்பு 806,500 டாலர். அதில் 65 சதவீதம், அதாவது 524,225 டாலர், எஃப்ஹெச்ஏவின் தரைமட்டம். விலை எவ்வளவு மலிவான ஊராக இருந்தாலும் இதற்குக் கீழே வரம்பு போகாது. 150 சதவீதமான 1,209,750 கூரை. அலாஸ்கா, ஹவாய் போன்ற இடங்களுக்கு மட்டும் கூரை இன்னும் உயரம். இடைப்பட்ட ஊர்களுக்கு உள்ளூர் மீடியன் (நடு மதிப்பு) வீட்டு விலையில் 115 சதவீதம். இந்தத் தொகைகள் வருடாவருடம் மாறும். அடுத்த வருட வரம்பு நவம்பர் கடைசியை ஒட்டி வெளியாகும்.

'உள்ளூர்' என்று எதைச் சொல்கிறார்கள் என்பதில்தான் பலரும் ஏமாறுவது. ஒரு மெட்ரோ பகுதியில் (பெருநகரும் அதைச் சார்ந்த சுற்றுப்புறமும்) எத்தனை கவுண்டிகள் இருந்தாலும், அவற்றில் எந்தக் கவுண்டியின் மீடியன் விலை மிக அதிகமோ அதை வைத்தே எல்லாவற்றுக்கும் வரம்பு போடுவார்கள். நியூ ஜெர்சியின் எடிசன் இருக்கும் மிடில்செக்ஸ் கவுண்டி, நியூயார்க் மெட்ரோவில் சேர்த்தி. அதனால் மன்ஹாட்டனுக்கு உள்ள அதே கூரை அங்கும் உண்டு. பக்கத்திலிருக்கும் மெர்சர் கவுண்டியோ ட்ரென்டன்-பிரின்ஸ்டன் என்று தனி மெட்ரோ. அதன் வரம்பு கூரைக்கு வெகு கீழே. நம்மவர்கள் ஒரே சனிக்கிழமையில் வீடு பார்க்கும் ப்ளெயின்ஸ்பரோ மிடில்செக்ஸில் வருகிறது. அதை ஒட்டிய வெஸ்ட் வின்ட்சர் மெர்சரில். பக்கத்துப் பக்கத்து ஊர், கிட்டத்தட்ட ஒரே விலை. ஆனால் கடன் வரம்பில் லட்சக்கணக்கில் வித்தியாசம். கலிஃபோர்னியாவில் அலமேடா கவுண்டிக்குக் கூரை வரம்பு. மலையைத் தாண்டினால் வரும் மவுன்டன் ஹவுஸ், ட்ரேசி இரண்டும் சான் வாக்கீன் கவுண்டி, ஸ்டாக்டன் மெட்ரோ, வரம்பு குறைவு.

ஜிப் கோடை வைத்து முடிவு செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். விளம்பரத்தில் 'பிரின்ஸ்டன், 08540' என்று இருக்கும். அதே ஜிப்பில் மெர்சரைச் சேர்ந்த பிரின்ஸ்டனும் உண்டு, மிடில்செக்ஸைச் சேர்ந்த சவுத் பிரன்ஸ்விக்கின் ஒரு பகுதியும் உண்டு. தபால்காரரின் வசதிக்காகப் போட்ட எண் அது. சொத்து வரி பில்லைக் கேட்டு வாங்குங்கள். எந்த முனிசிபாலிட்டி என்று அதில் தெளிவாக இருக்கும், அதை வைத்துக் கவுண்டியை உறுதி செய்துகொள்ளலாம்.

வரம்பை, எஃப்ஹெச்ஏ எந்தத் துறையின் கீழ் வருகிறதோ அந்த வீட்டுவசதித் துறையான ஹட்டின் இணையதளத் தேடல் பக்கத்தில் நீங்களே பார்க்கலாம். மாநிலம், கவுண்டி, வருடம் தேர்வு செய்வது சுலபம். 'லிமிட் டைப்' என்ற பட்டியலில்தான் கை தவறும். அதில் எஃப்ஹெச்ஏ ஃபார்வர்ட், முதியோருக்கான ஹெச்இசிஎம், ஃபேனி-ஃப்ரெடி மூன்றும் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கும். நமக்கு வேண்டியது வழக்கமான வீட்டுக் கடனுக்கான எஃப்ஹெச்ஏ ஃபார்வர்ட். ஃபேனி-ஃப்ரெடியைத் தேர்ந்துவிட்டால் தரைமட்ட கவுண்டியிலும் 2025-க்கு 806,500 என்று காட்டும், மனசு குளிர்ந்துவிடும். விடையில் வரும் மீடியன் விலையைப் பார்த்து 'எங்கள் ஊரில் இவ்வளவு விலையா' என்று மலைக்கவும் வேண்டாம். அது மெட்ரோவிலேயே விலை கூடிய கவுண்டியுடையது.

வரம்பு கடனுக்குத்தான், வீட்டு விலைக்கு அல்ல. அதைவிட விலை கூடிய வீட்டையும் வாங்கலாம், மிச்சத்தை நீங்கள் கட்ட வேண்டும், அவ்வளவுதான். 580 அல்லது அதற்கு மேல் ஸ்கோர் இருப்பவருக்கு 3.5 சதவீதம் டவுன் பேமென்ட் போதும் என்பார்கள். 6 லட்சம் டாலர் வீட்டுக்கு அது 21,000. கூரைக் கவுண்டியில் அது சரி. தரைமட்ட கவுண்டியில், 2025 வரம்புப்படி, கடன் 524,225-உடன் நின்றுவிடும். கையிலிருந்து 75,775 போட வேண்டும். 3.5 சதவீதத்தோடு தப்பிக்க வேண்டுமானால் அங்கே வீட்டு விலை சுமார் 543,200-ஐத் தாண்டக் கூடாது. இவ்வளவு கடன் கிடைக்கும் என்று முன்கூட்டியே எழுதித் தரும் ப்ரீ-அப்ரூவல் கடிதம் வாங்கும்போதே, எந்தக் கவுண்டியை மனதில் வைத்து அந்தத் தொகையைப் போட்டார்கள் என்று லோன் ஆபீஸரைக் கேளுங்கள். ஒரு கவுண்டிக்கு எழுதிய கடிதத்தோடு அடுத்த கவுண்டியில் ஆஃபர் போடுவது சகஜமாக நடக்கிறது.

அப்ரைசல் (வீட்டின் மதிப்பீடு) வந்ததும் இன்னொரு கணக்கு இருக்கிறது. இதை யாரும் வலிய வந்து சொல்ல மாட்டார்கள். மேலே சொன்ன 6 லட்சம் டாலர் வீடு 580,000-க்குத்தான் தேறியது என்று வைத்துக்கொள்வோம். விலை, அப்ரைசல் இரண்டில் குறைந்ததைத்தான் எடுப்பார்கள். அந்த 580,000-இல் 96.5 சதவீதம் 559,700. வரம்பு அதைவிடக் குறைவு என்பதால் கடன் தொகை அப்படியே 524,225. ஒன்றும் மாறவில்லை போலத் தோன்றும். ஆனால் வீட்டு மதிப்பில் கடனின் விகிதம் 87.4 சதவீதத்திலிருந்து 90.4-க்கு ஏறிவிட்டது. 30 வருடக் கடனில் 90 சதவீதம் வரை இருந்தால் வருடாந்தர இன்சூரன்ஸ் பிரீமியம் 11 வருடத்தில் நிற்கும். தாண்டினால் கடன் தீரும்வரை கட்ட வேண்டும். இந்த இடத்தில் கடனை 2,225 டாலர் குறைத்து 522,000 ஆக்கிவிட்டால் மறுபடி 11 வருடக் கணக்குக்கு வந்துவிடலாம். ஆண்டு பிரீமியம் அரை சதவீதம் என்றால் ஆரம்பத்தில் வருடத்துக்கு 2,600 டாலருக்கு மேல். அதோடு ஒப்பிட்டால் 2,225 சில்லறை. வீடு கைமாறும் க்ளோசிங் தேதிக்கு முன்பே இதைச் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

ஆரம்பத்திலேயே பிடிக்கும் 1.75 சதவீத பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம், வரம்பைக் கணக்கிடும்போது அதைச் சேர்க்க மாட்டார்கள். எனவே பத்திரத்தில் 524,225-க்கு மேலே ஒன்பதாயிரத்துச் சொச்சம் கூடியிருந்தால் பதற வேண்டாம்.

டவுன் பேமென்ட் இடைவெளியை ஊரிலிருந்து அப்பா அம்மா அனுப்பும் பணத்தால் நிரப்பலாம், எஃப்ஹெச்ஏ அனுமதிக்கிறது. திருப்பித் தர வேண்டாம் என்று அவர்கள் கையெழுத்திட்ட கிஃப்ட் லெட்டர் வேண்டும், அவர்கள் கணக்கிலிருந்து பணம் கிளம்பி இங்கே வந்து சேர்ந்த தடமும் வேண்டும். கடைசி வாரத்தில் ஆரம்பித்தால் தாங்காது.

வருடக் கடைசியில் வாங்குபவர்கள் கேஸ் நம்பர் தேதியைக் கவனியுங்கள். எந்த வருட வரம்பு என்பது ஒப்பந்தத் தேதியையோ க்ளோசிங் தேதியையோ பொறுத்ததல்ல, கேஸ் நம்பர் விழுந்த தேதியைப் பொறுத்தது. 2024 டிசம்பர் 30-இல் விழுந்திருந்தால் தரைமட்டம் 498,257. 2025 ஜனவரி 2-இல் விழுந்திருந்தால் 524,225. மூன்று நாளில் 25,968 டாலர் வித்தியாசம். வரம்பை ஒட்டி நிற்கும் ஃபைலாக இருந்தால், அவசரப்பட்டு டிசம்பரிலேயே நம்பர் போட வேண்டாம் என்று லோன் ஆபீஸரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. விற்பவர் அதுவரை பொறுப்பாரா என்பது வேறு கதை.

இரண்டு, மூன்று, நான்கு குடும்ப வீடுகளுக்கு வரம்பு கூடும்: 2025 தரைமட்டம் இரண்டுக்கு 671,200, நான்குக்கு 1,008,300. ஒரு வருடமாவது அதில் ஒரு பகுதியில் நீங்கள் குடியிருக்க வேண்டும். மூன்று, நான்கு என்றால், எல்லாப் பகுதிகளின் வாடகையிலும் 75 சதவீதம் மாதத் தவணையை ஈடுகட்டுகிறதா என்று தனியாகப் பார்ப்பார்கள். பேஸ்மென்டில் அடுப்பு, சிங்க் போட்டு வாடகைக்கு விட்டிருப்பதைக் காட்டி 'இது இரண்டு குடும்ப வீடு' என்று ஏஜென்ட் சொல்லலாம். அனுமதி பெற்ற துணைக் குடியிருப்பாகவே இருந்தாலும், ஒரு குடும்ப வீட்டோடு சேர்ந்த அதை எஃப்ஹெச்ஏ இரண்டாவது யூனிட்டாக எண்ணாது, வரம்பு ஒரு குடும்ப வீட்டுக்கு உள்ளதுதான் (2025 தரைமட்டம் 524,225).